ரேட் கார்டைக் குறைத்துவிட்டார்கள்: சேர்ந்து லாக்-அவுட் செய்தால் ஐடி போய்விடுமா?

கேள்வி: கோவையில் மூன்று வருடமாக உணவு டெலிவரி செய்கிறேன். போன மாதம் ஆர்டருக்கான தொகையைக் குறைத்துவிட்டார்கள். எங்கள் ஸோனில் நாற்பது பேர் ஒரு நாள் சேர்ந்து லாக்-அவுட் செய்யலாம் என்றிருக்கிறோம். "சங்கம் கிங்கம்னு பேசினா ஐடி பிளாக் ஆயிடும்" என்கிறார் டீம் லீடர். நாங்கள் சங்கம் வைக்க முடியுமா? சட்டம் துணை நிற்குமா?

பதில்: சங்கம் வைக்கலாம். ஆனால் ஐடி பிளாக்கை, அதாவது ஆப்பில் உங்கள் கணக்கை முடக்குவதை, தடுக்கும் அளவுக்குச் சட்டத்தை நம்பி இறங்காதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளரை, அதாவது உங்களைப் போல ஆப் வழியாக ஆர்டர் கணக்கில் வேலை செய்பவரை, அங்கீகரிக்கிறது. அதே கையோடு, வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்றும் வரையறுத்துவிடுகிறது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைச் சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்ட வேண்டும். ஆனால் ஆர்டருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதில் சட்டம் வாயே திறக்கவில்லை. கர்நாடகத்தின் 2025 சட்டம் ஒருவரை நீக்குமுன் எழுத்துமூலம் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் கேட்கிறது. கோவையில் ஓடும் உங்களுக்கு அது பொருந்தாது.

ஆகவே லாக்-அவுட்டுக்கு முன்னால் ஆதாரம். பழைய ரேட் கார்டு, புதிய ரேட் கார்டு, வாராந்திர பேஅவுட், ஒப்பந்தத்தை மாற்றியபோது 'ஒப்புக்கொள்கிறேன்' கேட்ட திரை என எல்லாவற்றையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனுக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். ஐடி முடங்கிய பிறகு ஆப்பைத் திறக்க முடியாது. இதைப் பலர் அப்போதுதான் உணர்கிறார்கள். நாற்பது பேரில் பத்துப் பேராவது ஒரு வாரம் கணக்கு எழுதட்டும்: ஆப் காட்டிய கிலோமீட்டர், வண்டி மீட்டர் காட்டியது, ஹோட்டல் வாசலில் காத்திருந்த நிமிடங்கள், பெட்ரோல் செலவு. "சம்பளம் போதவில்லை" என்பதை யாரும் தட்டிக்கழிக்கலாம். "ஹோட்டலுக்குப் போகும் 2 கிலோமீட்டருக்குக் காசே இல்லை" என்று தாளில் காட்டினால் அவ்வளவு சுலபமாகத் தட்ட முடியாது.

சங்கப் பதிவுக்கு விண்ணப்பிக்க ஏழு பேர் போதும். ஆனால் அந்த நிறுவனத்தின் அல்லது தொழிலின் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். நாற்பது பேரை வைத்துக்கொண்டு அந்த எண்ணிக்கையை நிரூபிக்க அலைவதைவிட, ஏற்கெனவே பதிவான சங்கம் ஒன்றில் கிளையாகச் சேருவதே என் பரிந்துரை. மனுவில் உங்கள் பெயர் தனியாக நிற்காது. பேசப் போகிறவர் ஐடியை இழக்கும் பயமில்லாத சங்க நிர்வாகியாக இருப்பார்.

லாக்-அவுட்டைப் பொறுத்தவரை, 'விரும்பிய நேரத்தில் வேலை செய்யலாம்' என்பது பொதுவாக இந்த நிறுவனங்களே சொல்வதுதான். அன்று லாகின் செய்யாமல் இருங்கள், அவ்வளவே. எடுத்த ஆர்டரைப் பாதியில் கைவிட வேண்டாம். ஹோட்டல் வாசலை மறிப்பது, ஓடுகிற ரைடரின் பையைப் பிடுங்குவது இதெல்லாம் கூடவே கூடாது. போலீஸ் வழக்கு அங்கேதான் முளைக்கும். வாட்ஸ்அப் குழுவில் மிரட்டல் தொனியில் ஒரு வரிகூட வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் அவர்களுக்கும் எடுக்கத் தெரியும்.

அப்புறம் மனு. கோரிக்கை மூன்றுக்கு மேல் போக வேண்டாம்: பழைய ரேட், காத்திருப்புக் கட்டணம், ஐடி முடக்கத்துக்கு எழுத்தில் காரணம். நிறுவனத்துக்கு மின்னஞ்சல், தொழிலாளர் துறைக்கு ஒரு நகல், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் இன்னொன்று. "இது எங்கள் வரம்பில் வராது" என்று அதிகாரி சொல்லக்கூடும். சொல்லட்டும், மனுவுக்கு ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள்.

இதற்கிடையே நாற்பது பேரும் கிக் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துவிடுங்கள். 2023 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. 18 முதல் 60 வயதுவரை சேரலாம், கல்வி, மகப்பேறு, விபத்து உதவிகள் உண்டு. அமைப்புசாராத் தொழிலாளருக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு வேறு, அதையும் செய்யுங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், ஐடி திரையின் படம் மூன்றையும் தயாராக வையுங்கள். உங்கள் ஐடி இன்று உயிரோடு இருக்கிறது. இந்தப் பதிவை லாக்-அவுட்டுக்கு முந்தின வாரமே முடித்துவிடுவது நல்லது.