அமெரிக்கா குடியேறிகளின் நாடு என்றால், அங்கே குடியேறிகள்மீது ஏன் இவ்வளவு வெறுப்பு?

இதைக் கேட்டவர் மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு விசா நேர்காணலுக்குக் காத்திருக்கும் மாணவராகவோ, அப்படி ஒரு பிள்ளையின் பெற்றோராகவோ இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். இந்த வெறுப்பு புதியதா, பழையதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பழையதுதான். ஆனால் வெளியே நின்று கைநீட்டிக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதால் என் கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் நியூஜெர்சியில் பதினேழு ஆண்டுகளாக வசிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊரில் மூடிக் கிடந்த ஒரு விருந்து மண்டபத்தை வாங்கிக் கோயிலாக மாற்ற விண்ணப்பித்தோம். ஜோனிங் போர்டு எனப்படும் நிலப் பயன்பாட்டுக் குழுவின் முன் விசாரணை நடந்தது. கோயில் வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கார் நிறுத்த இடம் போதாது, கழிவுநீர்த் தொட்டி தாங்காது, மணியோசை தூக்கத்தைக் கெடுக்கும் என்றுதான் சொன்னார்கள். கடைசியில் ஒருவர் மட்டும், இவர்களெல்லாம் இந்த ஊருக்கு ஏன் வர வேண்டும் என்று நேராகவே கேட்டுவிட்டார்.

ஆளுக்கு மூன்று நிமிடம். நான் தாளில் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன்: நாங்கள் மருத்துவர்கள், பொறியாளர்கள், வரி கட்டுகிறோம், வரிசையில் நின்று முறையாக வந்தவர்களே தவிர, வேலி தாண்டிக் குதித்தவர்கள் அல்லர். அந்தக் கடைசி வரிக்கு எங்கள் பக்கம் கைதட்டினார்கள். எதிர்ப்பக்கத்திலும் இருவர் தட்டினார்கள். அது எனக்கு இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கூட்டம் கலைந்தபோது, மடக்கு நாற்காலிகளை வண்டியில் அடுக்குவதற்காகப் பின்சுவர் ஓரமாக நின்றிருந்த பணியாளரைக் கண்டேன். கூட்டத்துக்கு முன் எனக்கு ஒலிவாங்கியைச் சரிசெய்து கொடுத்தவர் அவர்தான். குவாத்தமாலாவிலிருந்து வந்ததாகவும், மகள் என் மகனின் பள்ளியிலேயே படிப்பதாகவும் சொல்லியிருந்தார். நான் விடைபெற்றபோது தலையசைத்துவிட்டு நாற்காலிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் எப்படி வந்தவர் என்பது எனக்குத் தெரியாது. வாசிக்கும்போது அவர் அங்கே நிற்கிறார் என்ற நினைப்புகூட எனக்கு இருக்கவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன், படித்ததைச் சொல்கிறேன். 1844-இல், எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள பிலடெல்பியாவில், பொதுப்பள்ளிகளில் புராட்டஸ்டன்டுகளின் கிங் ஜேம்ஸ் விவிலியமே வாசிக்கப்பட்டு வந்தது. பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கர்களின் பிள்ளைகள் தங்கள் விவிலியத்தை வாசிக்க அனுமதிக்க வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர் கென்ரிக் கேட்டிருந்தார். இந்த ஐரிஷ்காரர்கள் பள்ளியிலிருந்து விவிலியத்தையே துரத்தப் பார்க்கிறார்கள் என்று அது திரித்துப் பரப்பப்பட்டது. மே மாதத்தில் கென்சிங்டன் பகுதியில் மூண்ட கலவரத்தில் வீடுகளும், புனித மைக்கேல், புனித அகுஸ்தினார் தேவாலயங்களும் எரிந்தன. ஜூலையில் மீண்டும் மோதல் நடந்து பீரங்கிகூட வெடித்தது. திரும்பக் கட்டப்பட்ட அகுஸ்தினார் தேவாலயத்தை நான் பார்த்திருக்கிறேன். தீக்குப் பின் நின்ற பீடச் சுவரில் 'ஆண்டவர் காண்கிறார்' என்ற எழுத்துகள் மட்டும் எஞ்சியிருந்தன என்பார்கள்.

அடி வாங்கிய ஐரிஷ்காரர்கள் அடுத்து வந்தவர்களிடம் இரக்கம் காட்டியிருப்பார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? 1877-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொழிலாளர் கட்சி தொடங்கி, 'சீனர்கள் வெளியேற வேண்டும்' என்று மேடைதோறும் முழங்கிய டெனிஸ் கியர்னி அயர்லாந்தில் பிறந்து குடியேறியவர். ஐந்தே ஆண்டுகளில் சீனத் தொழிலாளர்களைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1943 வரை அது நீங்கவில்லை.

எனக்கு அதிகம் உறைத்தது பகத் சிங் திந்த் வழக்கு. பஞ்சாபிலிருந்து வந்து, முதல் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய சீக்கியர் அவர். அன்றைய சட்டப்படி குடியுரிமை பெற வெள்ளையராகவோ ஆப்பிரிக்க மரபினராகவோ இருக்க வேண்டும். 1922-இல் ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசியர் (அன்றைய இனவியலார் ஐரோப்பியரோடு வட இந்தியரையும் சேர்த்து வகுத்த இனம்) என்று சொல்லி அவருக்குக் குடியுரிமையை மறுத்தது உச்ச நீதிமன்றம். மூன்றே மாதங்களில், அப்படியானால் ஆரியனான நான் காக்கேசியன்தான் என்று திந்த் தரப்பு வாதிட்டபோது, சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்று கருதுகிறாரோ அவரே வெள்ளையர் என்று 1923-இல் அதே நீதிமன்றம் அளவுகோலை மாற்றிக்கொண்டது. இரண்டு தீர்ப்புகளையும் எழுதிய நீதிபதி சதர்லாந்து இங்கிலாந்தில் பிறந்தவர்.

அநீதிதான். ஆனால் திந்த் தரப்பின் மனுவைப் பாருங்கள்: திருமண விஷயத்தில் கறுப்பர்களை அமெரிக்கர்கள் எப்படிப் பார்க்கிறார்களோ, அப்படித்தான் உயர்சாதி இந்துக்கள் இந்தியாவின் பூர்வகுடிகளைப் பார்க்கிறார்கள் என்ற பொருளில் ஒரு வாதம் அதில் வருகிறது. தமிழனாகிய நான் அந்த ஆரியக் கணக்கில் எங்கே நிற்பேன் என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் என் மூன்று நிமிடத் தாள் நினைவுக்கு வந்தது. அந்த வாதம் தோற்ற பிறகு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான வைஷ்ணோ தாஸ் பகாய், சான்பிரான்சிஸ்கோவில் கடை வைத்து வாழ்ந்தவர், பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு 1928-இல் தற்கொலை செய்துகொண்டார்.

நான் பெருமையாகச் சொன்ன வரிசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1917-இலிருந்து 1946 வரை இந்தியத் தொழிலாளிக்கு நிற்க வரிசையே கிடையாது; 1946-இல் வந்த சட்டமும் ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் இடம் கொடுத்தது. கறுப்பினத்தவர் தெருவில் இறங்கிப் போராடிய ஆண்டுகளின் முடிவில், 1965-இல் வந்த குடியேற்றச் சட்டத்தால்தான் கதவு திறந்தது. அவர்களைப் பற்றி என் தாளில் ஒரு சொல் இல்லை.

இங்கே சம்பாதித்துக்கொண்டே இந்நாட்டைப் பழிக்கிறான் என்று பின்னூட்டம் வரும். பழிக்கவில்லை, எங்களுக்குக் கோயில் கட்ட அனுமதி கொடுத்ததும் இதே நாட்டின் சட்டம்தான். எல்லைச் சட்டமே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. சொல்லப்போனால், ஆண்டுதோறும் கொடுக்கும் கிரீன் கார்டுகளில் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற விதியால் பதின்மூன்று ஆண்டுகளாகக் காத்திருப்பவன் நான். வரிசை தாண்டுபவர்கள்மீது எரிச்சலே வராது என்று சொன்னால் அது பொய்.

சென்ற ஆண்டு பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் கோயில் விண்ணப்பத்துக்கு மாதிரியாக என் தாளைக் கேட்டார்கள். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டுக் கொடுத்தேன். கைதட்டல் வாங்கியதே அந்த வரிதானே, அதைப் போய் ஏன் அடித்தீர்கள் என்று கேட்டார் வாங்கிக்கொண்டவர்.