அறிவியல் பாடத்திட்டமும் ஆசிரியர்களின் தயக்கமும்

வணக்கம். என் மகள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். புதிய அறிவியல் பாடத்திட்டம் பிள்ளைகளைக் கேள்வி கேட்கத் தூண்டும் என்று பெற்றோர் சந்திப்பில் சொன்னார்கள். வீட்டுக்கு வருவதோ முக்கியச் சொற்களை அடிக்கோடிட்ட பயிற்சித்தாள்கள்தான். மாற்றத்தை விரும்பாதவர்கள் ஆசிரியர்கள்தானோ என்று ஐயப்படுகிறேன்.
— ஒரு தந்தை, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஏமாற்றம் நியாயமானது. ஆனால் பழியை ஆசிரியர்கள்மீது போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அறிவியல் கற்பிக்கும் நண்பர்களுடன் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறேன்; தானே ஆராய்ந்து கற்கும் முறை வேண்டாம் என்று அவர்களில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. அதற்கான நேரம் எங்கே, அப்படிக் கற்ற பிள்ளை எழுதும் விடையை எவ்வளவு தாராளமாகத் திருத்தலாம் என்பவைதான் அவர்களின் கேள்விகள்.

தோழி ஒருவர் மூடிபோட்ட குவளையில் பனிக்கட்டியும் சிவப்புச் சாயம் கலந்த நீரும் நிரப்பி மேசைமேல் வைப்பார். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் சற்று நேரத்தில் குவளையின் வெளிப்புறம் நனைந்துவிடும். உள்ளிருந்த நீர்தான் கசிந்தது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். வெள்ளைத் தாளால் துடைத்துப் பார்த்தால் தாளில் சிவப்பு இருக்காது. அப்படியானால் அந்த நீர் எங்கிருந்து வந்தது என்ற விவாதத்திலேயே ஒரு பாடவேளை கழிந்துவிடும். அதே பாடத்தைப் பயிற்சித்தாளில் ஒரே வாக்கியமாக முடித்துவிடலாம்: காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பைத் தொட்டு, வெப்பத்தை இழந்து, நீர்த்துளிகளாக மாறுகிறது.

வெப்பம் இழப்பதே காரணம் என்பதால் விடையில் அதை எதிர்பார்ப்பது தவறில்லை. ஆனால், துடைத்துப் பார்த்துப் புரிந்துகொண்ட பிள்ளை தன் சொற்களில் எழுதும்போது அந்தச் சொற்றொடர் விடுபடக்கூடும். மனப்பாடம் செய்த பிள்ளை அதை விடாது. எந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் தருவது என்று ஆசிரியர் தவிப்பது இந்த இடத்தில்தான்.

சிங்கப்பூர் இதை உணராமல் இல்லை. குறைவாகக் கற்பித்து நிறைவாகக் கற்கச் செய்வோம் என்ற அழைப்பு 2004ஆம் ஆண்டிலேயே எழுந்தது. அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் தொடக்கப்பள்ளிகளிலும் உயர்நிலைப்பள்ளிகளிலும் நீக்கப்பட்டன. தொடக்கநிலை மூன்றில் 2023இல் புதிய பாடத்திட்டத்தைத் தொடங்கிய மாணவர்கள், தொடக்கநிலை ஆறின் முடிவில் வரும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வை எழுதும் ஆண்டு 2026. இடைப்பட்ட ஆண்டுகளில், அந்தத் தேர்வு எதை மதிக்கும் என்ற கவலையுடனேயே ஆசிரியர்கள் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது.

இது நமக்கு மட்டும் நேர்வதன்று. அமெரிக்காவில் 'அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள்' 2013இல் வெளிவந்தன. கலிஃபோர்னியா அந்த ஆண்டே அவற்றை ஏற்றது. அவற்றுக்கேற்ற மாநிலத் தேர்வு முழு அளவில் நடைமுறைக்கு வந்ததோ 2019இல்தான். பாடத்திட்டம் முன்னே போக, தேர்வு பின்தங்கும்போது அந்த இடைவெளியின் சுமை ஆசிரியர் தலையில்தான் விழுகிறது.

பெற்றோரான நமக்கும் இதில் பங்குண்டு. பயிற்சித்தாள் குறைந்தால் வாட்ஸ்அப் குழுவில் முதலில் கவலைப்படுவதும், கூடுதல் துணைப்பாட வகுப்பைத் தேடுவதும் நாம்தான். அடுத்த சந்திப்பில், மதிப்பெண்ணைக் கேட்கும் முன், இந்தத் தவணையில் மகள் எந்தச் சோதனையைத் தானே செய்து பார்த்தாள், அதற்கு இன்னும் எவ்வளவு நேரம் தேவைப்பட்டது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் சொல்வதைப் பள்ளி நிர்வாகத்துக்கும் எழுதுங்கள். பெற்றோரின் ஆதரவு எழுத்தில் இருந்தால், பயிற்சித்தாளை ஒதுக்கிவைத்து ஒரு பாடவேளையைக் குவளைக்குக் கொடுப்பது அந்த ஆசிரியருக்குச் சற்று எளிதாகும்.

அன்புடன்.