அன்பு செய்தால் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்கில் இளையோருக்காக நிறையச் செலவு செய்கிறோம். விளையாட்டுப் போட்டி, சுற்றுலா, தியானம், பரிசு என்று எதிலும் குறை வைப்பதில்லை. ஆனால் நிகழ்ச்சி முடிந்தால் ஒருவரும் கண்ணில் படுவதில்லை. எங்கே கோளாறு?
– இளையோர் வழிகாட்டி ஒருவர்

பதில்: உங்கள் பட்டியலை மறுபடியும் படித்துப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது, நீங்கள்தான் இல்லை. போட்டி நடந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? மேடையில் என்றால் பதில் அங்கேயே இருக்கிறது. (குருக்களாகிய எங்களுக்கும் இந்த வியாதி உண்டு. மைக் கிடைத்தால் இறங்க மனம் வராது.)

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியின் துரின் நகரில் ஏழைச் சிறுவர்களுக்காக உழைத்த குரு தொன் போஸ்கோ. இதே கவலை அவருக்கும் வந்திருக்கிறது. 1884 மே 10ஆம் தேதி உரோமையிலிருந்து துரினில் இருந்த தம் இல்லத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். கனவு ஒன்றைச் சொல்லும் கடிதம் அது. பழைய மாணவர் ஒருவர் வந்து, ஆரம்ப காலத்து விளையாட்டுத் திடலைக் காட்டுகிறார். ஒரே ஓட்டம், பாட்டு, சிரிப்பு. பிள்ளைகளின் நடுவே குருக்களும் இருக்கிறார்கள். அப்புறம், கடிதம் எழுதிய காலத்துத் திடல். சில பையன்கள் தூணில் சாய்ந்து நிற்கிறார்கள், முகத்தில் சலிப்பு. பொறுப்பாளர்களோ தங்களுக்குள் பேசிக்கொண்டு உலாத்துகிறார்கள். தொன் போஸ்கோவுக்கு மனம் தாங்கவில்லை. “இவர்களுக்காக என் ஆட்கள் உயிரைக் கொடுத்து உழைக்கிறார்களே!” என்கிற பொருளில் கேட்கிறார். வந்த பதில்தான் இன்றும் பேசப்படுகிறது: பிள்ளைகளை அன்பு செய்தால் மட்டும் போதாது, தாங்கள் அன்பு செய்யப்படுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவும் வேண்டும்.

எப்படித் தெரியும்? அவர்களுக்குப் பிடித்ததில் நீங்கள் ஆசையோடு கலந்துகொண்டால், உங்களுக்குப் பிடித்ததன் பக்கம் அவர்களும் மெல்ல வருவார்கள் என்கிறது அந்தக் கடிதம். நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். யாருக்கு எப்போது தேர்வு, யாருடைய அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, யார் நேர்காணலுக்குப் போகிறார் என்று குறித்துவைப்பேன். மறுவாரம் பார்க்கும்போது “அம்மா எழுந்து நடக்கிறாங்களா?” என்று கேட்டால் போதும், அந்தப் பையன் நம்மை விட்டு நகரமாட்டான். இதற்கு நிதிக்குழுவின் ஒப்புதல் தேவையில்லை. அடுத்த நிகழ்ச்சியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு இதைச் செய்து பாருங்கள்.

கேள்வி: எங்கள் பாடகர் குழுவில் ஒரு பையன் உண்டியல் பணத்தில் கைவைத்துவிட்டான். வெளியே அனுப்பச் சொல்கிறார்கள் சிலர். அன்பு என்றால் மன்னிப்புதானே என்கிறார்கள் வேறு சிலர். நான் என்ன செய்வது?
– பாடகர் குழுத் தலைவி

பதில்: இரண்டு தரப்பும் தங்கள் வேலையைச் சுலபமாக்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள். துரத்திவிட்டாலும் சரி, கண்டும் காணாமல் விட்டாலும் சரி, அவனோடு உட்கார்ந்து பேசும் சங்கடம் யாருக்கும் இல்லை.

தொன் போஸ்கோ 1877இல் தம் கல்விமுறையைச் சுருக்கமாக எழுதிவைத்தபோது, பகுத்தறிவு, சமயம், கனிவு என்ற மூன்றையும் அதற்கு அடித்தளமாகச் சொன்னார். அடிப்பது, வலிக்கும்படி முழங்காலில் நிறுத்துவது, காதைத் திருகுவது எல்லாம் அறவே கூடாது என்று அதிலேயே எழுதினார். இவை பிள்ளைகளுக்கு ஆத்திரமூட்டும், ஆசிரியரின் தரத்தையும் தாழ்த்தும் என்பது அவர் சொன்ன காரணம். கனிவு மூன்றில் ஒன்றுதான் என்பதையும் கவனியுங்கள். நடந்தது ஏன் தவறு என்று அவனுக்கு விளங்கவும் வேண்டும்.

ஆகவே தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், குழுவின் முன்னால் வேண்டாம். முதலில் பணம் எதற்குத் தேவைப்பட்டது என்று கேளுங்கள். வீட்டில் அடுப்பு எரியாததும் காரணமாக இருக்கலாம், வெறும் ஆசையும் இருக்கலாம். எதுவானாலும் எடுத்ததைத் திருப்பித் தரவேண்டும். மாதம் கொஞ்சமாகத் தந்தாலும் பரவாயில்லை, ஆனால் தரவேண்டும். பணம் புழங்கும் பொறுப்பில் கொஞ்ச காலம் அவன் இருக்கக் கூடாது. பாடட்டும். குழுவில் யாராவது இதைக் குத்திக்காட்டினால் அவரையும் கூப்பிட்டுப் பேசவேண்டியது உங்கள் வேலை. அது இன்னும் கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: மனக்கஷ்டத்தில் இருக்கும் இளம்பெண்கள் சிலர் இரவு வெகுநேரம் எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார்கள். பதில் போடாவிட்டால் அன்பில்லாதவன் ஆகிவிடுவேனோ?
– இளையோர் குழுப் பொறுப்பாளர்

பதில்: ஆகமாட்டீர்கள். பகலில், மற்றவர்கள் கண்ணில் படும் இடத்தில் பேசலாம் என்று சொல்லுங்கள். குழுவில் பொறுப்பான பெண் ஒருவருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் நேரம் பார்க்காமல் வீட்டாருக்கும் மருத்துவருக்கும் உடனே தெரிவியுங்கள். ஒளித்துவைத்துச் செய்யவேண்டிய அன்பு எதுவும் இந்தப் பணியில் கிடையாது. இதில் என்னோடு வாதாட வேண்டாம்.

கேள்வி: ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறோம். திருப்பலி முடிந்ததும் பெயர் வாசித்து, பீடத்தின் முன் நிற்க வைத்துப் படம் எடுக்கிறோம். கொடுத்தவர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் இந்த ஆண்டு இரண்டு பேர் வாங்க வரவே இல்லை. இது நன்றியின்மை அல்லவா?
– பங்குப்பேரவை உறுப்பினர்

பதில்: வராத அந்த இருவரை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஆண்டவர் சொன்னதை நாம் கேமராவுக்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டோம்.

கொடுப்பதோடு அன்பு முடிவதில்லை. துரினில் வேலைக்குப் போன சிறுவர்களை முதலாளிகள் அடிப்பதும், தொழில் கற்றுத் தராமல் எடுபிடி வேலை வாங்குவதும் சகஜமாக இருந்த காலம் அது. தொன் போஸ்கோ அந்தச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்தார், படுக்க இடம் கொடுத்தார். அத்தோடு முதலாளிகளிடம் போய் ஒப்பந்தமும் போட்டார். 1852 பிப்ரவரியில் ஒரு தச்சருடன் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம் இன்னும் இருக்கிறது. தொழிலைச் சொல்லித் தரவேண்டும். தவறு செய்தால் வாயால் திருத்தவேண்டும், கை ஓங்கக் கூடாது. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை கொடுக்கக் கூடாது. ஞாயிறும் திருநாள்களும் பையனுக்கு விடுமுறை. கூலி எவ்வளவு, போகப்போக எப்படி உயரும் என்பதும் அதில் உண்டு. அந்தப் பையனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். தருமம் வாங்குகிறவனாக இல்லாமல், ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக அவனை நிறுத்தினார்கள் பாருங்கள், அதைத்தான் நான் அன்பு என்பேன்.

இரண்டே ஆண்டில், 1854இல், துரினைக் காலரா தாக்கியது. நோயாளிகளைத் தொடப் பெரியவர்களே பயந்தபோது தொன் போஸ்கோவின் பிள்ளைகள் போய்த் தூக்கினார்கள், பணிவிடை செய்தார்கள். மரியாதையோடு நடத்தப்பட்டவர்கள் அவர்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தொகையைக் கல்லூரியிலேயே நேரடியாகக் கட்டிவிடுங்கள். கொடுத்தவர்களுக்கு ரசீது போதும். வராத இருவர் வீட்டுக்கு யாராவது ஒருவர் போய்வாருங்கள், படம் எடுக்காமல்.

கேள்வி: கைப்பேசியோடு போட்டி போட முடியுமா?
– மறைக்கல்வி ஆசிரியை

பதில்: முடியாது. போடவும் வேண்டாம். அவர்கள் பேசும்போது நம் கைப்பேசி பைக்குள் இருந்தால் சரி.

கேள்வி: இளையோர் குழுவில் செயலராக இருந்தேன். வேலை போனது, அப்பா நோயில் விழுந்தார், கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். இன்றுவரை ஒருவரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கோவிலுக்குப் போனாலும் பின்வரிசையில் இருந்துவிட்டு வந்துவிடுகிறேன். அன்பைப் பற்றிய பிரசங்கம் கேட்டால் எரிச்சல் வருகிறது.
– ஒரு வாசகி

பதில்: எரிச்சல் வரத்தான் செய்யும். அதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டியதில்லை.

1841 டிசம்பர் 8. துரினில் ஒரு கோவில். தொன் போஸ்கோ பூசைக்கு உடை மாற்றிக்கொண்டிருக்கிறார். குளிருக்கு ஒதுங்கிய ஒரு கொத்துவேலைப் பையனை, கோவில் வேலைகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளை பூசைக்கு உதவச் சொல்ல, அவன் தெரியாது என்கிறான். கோவில்பிள்ளைக்குக் கோபம், அடித்துத் துரத்துகிறார். “அவன் என் நண்பன், போய்க் கூட்டிவாரும்” என்கிறார் தொன் போஸ்கோ. அதுவரை அவனை அவர் பார்த்ததே கிடையாது. துரத்தியவரே போய் அழைத்துவருகிறார். பூசை முடிந்ததும் பேச்சு தொடங்குகிறது. பெயர் என்ன, அப்பா அம்மா இருக்கிறார்களா, படிக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை. “விசிலடிக்கத் தெரியுமா?” பையன் சிரித்துவிடுகிறான். மறைக்கல்வி அதற்கப்புறம்தான். தொன் போஸ்கோ தொடங்கிய துறவற சபையினரான சலேசியர்கள் தங்கள் பணியின் தொடக்கமாக இந்த நாளைத்தான் சொல்கிறார்கள்.

உங்களைக் கூட்டிவர யாரும் வரவில்லை. பங்கின் குறை அது, உங்கள் விசுவாசத்தின் குறை அல்ல. அவர்கள் வரும்வரை நீங்கள் குழுவுக்குப் போயே ஆகவேண்டும் என்று சொல்லமாட்டேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள், இப்போதைக்கு உங்கள் திருத்தொண்டு அதுதான். நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் நோயில் பூசுதலும் நற்கருணையும் வீட்டுக்கே கொண்டுவரப்படும். கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தைப் பெயரும் முகவரியும் இல்லாமல் உங்கள் மறைமாவட்ட இளையோர் பணிக்குழுவுக்கு அனுப்பிவைக்க விரும்புகிறேன். சம்மதம் என்றால் மறைமாவட்டத்தின் பெயரோடு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.