காரைக்குடியில் பொழுது விடிந்தால் கோலாலம்பூரில் மணி என்ன? நிரலாளர் கேள்வி பதில்

கேள்வி (கானாடுகாத்தான்): அண்ணே, அப்பா 1979-இல் கோலாலம்பூரில் காலை 6.10-க்குப் பிறந்தவர். ஜாதகம் கணிக்க நான் எழுதிய பைத்தான் நிரல் ஒரு லக்னம் சொல்கிறது, அப்பத்தா வைத்திருக்கும் நோட்டில் வேறு லக்னம் இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: நோட்டை நம்புங்கள் தம்பி. நிரலில் '8 மணி நேரம் கழி' என்று கையாலேயே எழுதியிருப்பீர்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் இன்று யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, 8 மணி நேரம் முன்னால்தான். ஆனால் அது 1982 ஜனவரி 1 முதல். அதற்கு முன் அங்கே ஏழரை. அப்பா பிறந்தது முந்தின இரவு யுடிசி 10.40; உங்கள் நிரல் 10.10 என்று எடுத்திருக்கிறது. ஒரு லக்னம் ஏறத்தாழ 2 மணி நேரம், அதன் தொடக்கத்தில் பிறந்தவருக்கு அரை மணி பிசகினாலே முந்தின லக்னம் வந்துவிடும். எண்ணை எடுத்துவிட்டு, பைத்தானோடு வரும் நேர மண்டல நூலகமான ஸோன்இன்ஃபோவிடம் 'ஏசியா/கோலாலம்பூர்' என்று ஊரைச் சொல்லுங்கள். தேதியைப் பார்த்து அதுவே ஏழரையை எடுத்துக்கொள்ளும்.

கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்ய, போன குடும்பங்கள் நம் பக்கம் எத்தனை! கொழும்புக்கும் இதே கவனம் வேண்டும். அங்கே 1996-இல் இரண்டு முறை நேரத்தை மாற்றி, 2006-இல்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தார்கள்.

கேள்வி (தேவகோட்டை, கல்லூரி மாணவர்): பைத்தானின் பழைய நேர மண்டல நூலகமான பைடீஇஸட்டில், இந்திய நேரத்துக்காக கொல்கத்தா என்று கொடுத்தால் 5.30-க்குப் பதில் 5.53 வருகிறதே?

பதில்: அது கல்கத்தாவின் பழைய உள்ளூர் நேரம். டேட்டைமுக்குள் டைம்ஸோனை நேரடியாகத் திணித்தால் இப்படித்தான் வரும். பைடீஇஸட்டின் லோக்கலைஸ் என்ற செயற்கூறு வழியாகக் கொடுங்கள். பைத்தான் 3.9 அல்லது அதற்கு மேல் என்றால் ஸோன்இன்ஃபோவுக்கே மாறிவிடலாம்.

கேள்வி (காரைக்குடி): எல்லாவற்றையும் யுடிசியில் வை என்கிறார்கள், வைத்தேன். நியூஜெர்சி பங்காளிகளின் ஞாயிறு காலை 9 மணிக் கூட்டத்துக்கு நவம்பரில் 8 மணிக்கே நினைவூட்டல் போய்விட்டது.

பதில்: நடந்து முடிந்ததற்கு யுடிசி சரி, ஆச்சி. இனி நடக்கப்போவதற்கு அது போதாது. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். கோடையில் அங்கத்திய 9 மணிக்கு ஈடாக நீங்கள் வைத்த யுடிசி 13.00 நகரவில்லை. 'ஞாயிறு 9.00, அமெரிக்கா/நியூயார்க்' என்றே சேமித்து, அனுப்பும்போது கணக்கிடுங்கள். பிள்ளையார்பட்டி அபிஷேகம் என்றால் ஏசியா/கொல்கத்தா. யாருடைய கடிகாரப்படி நடக்கிறதோ அந்த ஊர்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் 15-ஆம் தேதிப் பிறந்தநாள் அமெரிக்காவில் 14 என்று தெரிகிறது.

பதில்: தேதியை மட்டும் கொடுத்தால் அது யுடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும்; அமெரிக்கா யுடிசிக்குப் பின்னால் இருப்பதால் அங்கே அப்போது முந்தின நாள்தான். பிறந்தநாளுக்கு நேர மண்டலமே வேண்டாம். வெறும் தேதியாக, எழுத்தாகவே வைத்து அப்படியே காட்டுங்கள்.