கடலடிப் பிளவும் சேலத்துச் சந்தேகங்களும்

2012-ல் சுமத்ரா கடலில் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. ஆனால் 2004-ல் வந்ததுபோல் பேரலை வரவில்லையே, ஏன்?
- வாசகர், அழகாபுரம்

பிளவு எந்தத் திசையில் நகர்ந்தது என்பதே காரணம். 2004 டிசம்பர் 26 அன்று, சுமத்ராவுக்கு மேற்கே ஓடும் ஆழ்ந்த கடலடிப் பள்ளமான சுந்தா அகழியை ஒட்டிச் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு நழுவியது. அங்கே இந்தியப் பெருங்கடலின் அடியில் உள்ள பாறைத்தட்டு, கிழக்கே உள்ள பாறைத்தட்டுக்குக் கீழே நுழைகிறது. நெடுங்காலம் அழுந்தி வளைந்து கிடந்த மேல்தட்டின் விளிம்பு சில மீட்டர் எகிற, அதன்மேல் நின்ற கடல் முழுவதும் கூடவே எழுந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று அகழிக்கு வெளியே, பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. தண்ணீர்த் தொட்டியின் தரைக்கல் மேலே எழும்பினால் தண்ணீரையும் தூக்கும். இடவலமாக நகர்ந்தால் தண்ணீர் பெரிதாக அசையாது. அன்று வந்த எச்சரிக்கை வீண் என்று சிலர் பேசியது எனக்கு வருத்தம். பிளவு நகர்ந்த திசையைக் கணிக்கும்வரை கரையை விட்டு விலகச் சொன்னது முற்றிலும் சரி.

ஆத்தூர் வழியாக ஒரு பிளவு ஓடுகிறதாமே, அது கடல்வரை போகிறதா? சுனாமி ஏற்காட்டை அசைக்குமா?
- வாசகர், ஏற்காடு

சேலம்-ஆத்தூர்ப் பிளவு மண்டலம் உண்மையில் இருக்கிறது. ஆனால் அது மிகப் பழையது. சுந்தா அகழியோடு அதற்குத் தொடர்பில்லை. கங்கவல்லிப் பக்கத்துப் பாறைகளில், சாம்பல் நிறக் கல்லை அறுத்துக்கொண்டு மை ஊற்றியதுபோல் கரிய இழைகள் ஓடும். பண்டைய நிலநடுக்கம் ஒன்றில் பிளவு உரசிய சூட்டில் பாறையே உருகி, நொடிகளில் உறைந்த தடம் அது. கையில் எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. சுனாமியோ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டை எட்டாது.

ஆண்டுதோறும் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போகிறோம். கடல் உள்வாங்கினால் ஓடிவிடலாம் அல்லவா?
- வாசகர், சூரமங்கலம்

தயவுசெய்து அதற்காகக் காத்திருக்காதீர்கள். இந்த ஒரு பதிலுக்காகவே இப்பகுதியை எழுதுகிறேன். 2004-ல் பிளவு நழுவிய பகுதியின் கிழக்கு ஓரத்தில் கடலடி தாழ்ந்ததால் தாய்லாந்தில் முதலில் கடல் உள்வாங்கியது. அகழியை ஒட்டிய மேற்கு ஓரத்தில் அது உயர்ந்ததால் நம் கரைக்கு முதலில் நீர் ஏறித்தான் வந்தது. நிலம் நடுங்கியது காலை ஆறரை மணிக்கு. சுமார் இரண்டரை மணி நேரத்தில் அலை நாகப்பட்டினம் கரையில். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அது. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்ரீகர்கள் பலர் திரும்பவில்லை.

அன்று எச்சரிக்க ஆளில்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் உள்ள இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அந்த வேலையைச் செய்கிறது. அறிவிப்பு வந்தால் செருப்பையும் பையையும் தேடாமல் மேற்கே நடந்துவிடுங்கள். வழியில்லையென்றால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏறுங்கள். முதல் அலை வடிந்ததும் இறங்கிவிட வேண்டாம். அடுத்தடுத்த அலைகள் அதைவிடப் பெரிதாக இருக்கலாம், மணிக்கணக்கில் தொடரலாம்.

புதுச்சேரிக் கடலில்கூட நிலநடுக்கம் வந்ததாமே?
- வாசகர், ஓமலூர்

வந்தது. 2001 செப்டம்பர் 25, அளவு 5.5. சென்னைவரை உணர்ந்தார்கள். பெருஞ்சுனாமியை எழுப்ப அந்த அளவு போதாது.

அப்படியானால் சேலத்துக்குக் கவலையே இல்லையா?
- வாசகர், அம்மாபேட்டை

கடலால் இல்லை, காலடி நிலத்தை அப்படிச் சொல்ல மாட்டேன். 1900-ல் கோயம்புத்தூர்ப் பகுதியில் சுமார் 6 அளவில் நடுங்கியிருக்கிறது. நாட்டின் நிலநடுக்க வரைபடத்தில் சேலம் நெடுங்காலமாக மூன்றாம் மண்டலம், அதாவது மிதமான அபாயமுள்ள பகுதி. செங்கல் வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் ஒன்றைக் கேளுங்கள்: லிண்டல் கான்கிரீட் கதவு, ஜன்னல்களுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாக நிற்கிறதா, எல்லாச் சுவர்களையும் சுற்றி ஒரே பட்டையாக ஓடுகிறதா? நடுக்கத்தில் சுவர்களைச் சேர்த்துப் பிடிப்பது ஒரே பட்டைதான்; துண்டாக நின்றால், கூரை போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.