கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன்

கேள்வி: என் கார் ஆறு கியர் ஆட்டோமேட்டிக். 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் 'டி'யில் (முன்னோக்கி ஓட்டும் கியர்) போட்டால் இரண்டு மூன்று விநாடி கழித்து வெடுக்கென்று இழுக்கிறது. 60 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது வண்டி உதறுகிறது. எஞ்சின் விளக்கும் எரிகிறது. பிழைக் குறியீடு (கோடு) பி0700. கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பி0700 என்பது வெறும் தகவல். "கியர்பாக்ஸின் கணினி ஏதோ கோளாறு சொல்கிறது" என்பதைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை. உண்மையான கோடு அந்தக் கணினிக்குள் இருக்கும், அதைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். பி0741 வந்தால் டார்க் கன்வெர்ட்டரின் (எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக்-அப் கிளட்ச் (சீரான வேகத்தில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் கிளட்ச்) சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். பி0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை, அதாவது உள்ளே எங்கோ வழுக்குகிறது. இதைப் பார்க்காமல் பெட்டியை இறக்கச் சொல்வது சரியே இல்லை.

அப்புறம் கியர்பாக்ஸ் ஆயில். காலைத் தாமதம் பெரும்பாலும் ஆயில் அழுத்தம் மெதுவாக ஏறுவதால் வருவது. அளவு குறைந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், சீல்கள் இறுகியிருக்கலாம். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இருந்தால் கையேட்டில் சொன்னபடி பாருங்கள். பல வண்டிகளில் ஆயில் சூடான பின், எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். சிலவற்றில் எஞ்சினை அணைத்துவிட்டு. டிப்ஸ்டிக் இல்லாத வண்டிக்கு, குறிப்பிட்ட வெப்பநிலையில் அடிப்பக்க பிளக்கைத் திறந்து பார்க்கும் ஒர்க்‌ஷாப்தான் வழி.

நிறத்தையும் வாசனையையும் விட்டுவிடாதீர்கள். பழுப்பாகியிருந்தால் வயதாகிவிட்டது, அவ்வளவுதான். கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து கருகியிருக்க வாய்ப்பு அதிகம். பால் கலந்ததுபோல் இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட் உள்ளே புகுந்திருக்கலாம். அதோடு வண்டியை ஓட்டவே கூடாது.

உதறலுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. பின்னால் வண்டி வராத நேர் சாலையில், உதறும்போது ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்து, இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். லாக்-அப் விலகும். உதறல் அந்த நொடியே நின்றால் சந்தேகம் கன்வெர்ட்டர் மேல். அப்போதும் முதலில் கையேட்டில் குறிப்பிட்ட அதே ரக ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் அதிலேயே சரியாகிவிடும். உதறல் நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் போங்கள். எஞ்சின் மிஸ்ஃபயர் ஆனாலும், அதாவது ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாவிட்டாலும், இதே மாதிரிதான் உதறும்.

கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். அதற்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். பளபளக்கும் உலோகத் துண்டுகள் இருந்தால், அல்லது சூடான பிறகும் எஞ்சின் உறுமியும் வண்டியின் வேகம் ஏறாவிட்டால், மெக்கானிக் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும்.