என்னைவிட பலசாலியோடு மோதப்போகிறேன், பயமாக இருக்கிறது. எப்படித் தயாராவது?

பயம் போகாது, போகவும் வேண்டாம். எதிராளியின் எந்த அடிக்குப் பயம் என்று மட்டும் பிரித்துப் பாருங்கள்.

2015 நவம்பரில் மெல்போர்னில் நடந்த எம்எம்ஏ (குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டை) போட்டியில் வீராங்கனை ஹாலி ஹோம் எதிர்கொண்ட ரோண்டா ரௌசி, ஒலிம்பிக் ஜூடோவில் வெண்கலம் வென்றவர். முந்தைய சண்டையை 34 நொடியில் முடித்தவர். ஆபத்து அவருடைய பிடியில்தான். குத்துச்சண்டையிலிருந்து வந்த ஹோம், வட்டமாக நகர்ந்துகொண்டே, பாய்ந்து வந்தவரை இடது கைக் குத்தால் நிறுத்தினார். முதல் சுற்றில் பிடிபட்டும் பதறாமல் விடுபட்டார். இரண்டாம் சுற்றில் தலைக்கு ஓர் இடதுகால் உதை, அப்புறம் சண்டையே இல்லை.

சரி, உங்களுக்கு? எதிராளியின் அந்த ஒரு ஆயுதத்தை ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) துணைவரைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லுங்கள். தப்பும் வழி உடம்புக்குப் பழக வேண்டும். போட்டியின் எடைப் பிரிவுக்கான எடைக் குறைப்பைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், அது மனதையும் சேர்த்து உலுக்கும்.